வாசல் பெட்டிக்கு வந்த ஓய்வு

ஓர் அலுவலகத்தின் உட்கூரையில் இரண்டு வைஃபை பெட்டிகள் இருந்தன. உள்ளே நுழையும் கைப்பேசிகளெல்லாம் வாசல் பெட்டியையே பிடித்துக்கொள்ளும். ஜன்னல் பெட்டி சும்மா கிடக்கும்.

"நாற்பது பேர்! எல்லாம் என் ஒருத்தி தலையிலேதான்" என்று வாசல் பெட்டி தினமும் புலம்பும்.

ஒருநாள் இரண்டையும் மேய்க்கும் கணினி சொன்னது: "அக்கா, இன்னொரு தடவை சூடேறி நின்னீங்கன்னா கழற்றிடுவாங்க. பாதிப் பேரை ஜன்னல் பக்கம் அனுப்புங்க."

வாசல் பெட்டி பயந்துபோய்த் தன் சிக்னல் குரலைத் தாழ்த்தியது. இருபது பேர் அந்தப் பக்கம் போனார்கள். உடம்பு குளிர்ந்தது. ஐந்து நிமிடம் அப்பாடா என்றிருந்தது.

பிறகு மனசு கேட்கவில்லை. போனவர்களில் ஒரு பழைய கைப்பேசியைக் கூப்பிட்டு, "அங்கே உனக்கு ஒத்துக்குதா? இளைச்சுட்டியே!" என்றது.

"இங்கே நல்லா வேகமா வருதுக்கா. நீங்க நிம்மதியா இருங்க."

அந்த 'நல்லா' சுருக்கென்று தைத்தது. வாசல் பெட்டி இருந்த பலத்தையெல்லாம் திரட்டிக் குரல் கொடுத்தது. இருபது பேரும் திரும்பி வந்து ஒட்டிக்கொண்டார்கள்.

மாலையில் ஏணியில் ஏறிய பராமரிப்பு ஊழியர், கொதித்துக் கிடந்த பெட்டியைத் துணியால் பிடித்துக் கழற்றினார்.

"ஐயோ, நான் இல்லாம இதுங்க என்ன பாடுபடுமோ!" என்று அழுதுகொண்டே அது இறங்கியது.

அது தரையைத் தொடுவதற்குள் நாற்பது பேரும் ஜன்னல் பெட்டிக்கு மாறிவிட்டார்கள்.

"நாற்பது பேர்!" என்றது ஜன்னல் பெட்டி, கணினிக்குக் கேட்கும்படியாக. "எல்லாம் என் ஒருத்தி தலையிலேதான்."