கட்அவுட்டுக்குப் பின்னால்

தேர்தல் கூட்டத்தில் தலைவரின் கட்அவுட்டை மேடைக்கு முன்னாலேயே நட்டுவிட்டார்கள். பின்னால் அமைச்சர்கள் உட்கார்ந்திருப்பது யாருக்கும் தெரியவில்லை. காய்ச்சலில் துவண்ட குழந்தையோடு பவளக்கொடி கட்அவுட்டின் பின்பக்க நிழலில், மேடையோரம் வந்து ஒதுங்கினாள். சுகாதார அமைச்சர் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார், குழந்தைக்குத் தண்ணீர் புகட்டினார்.

“நல்லா இருப்பீங்கண்ணே. ஆஸ்பத்திரில மருந்தே இல்லை. இதுக்குன்னு ஒரு மந்திரி இருக்காராமே, யாருண்ணே அது?”

“நான்தாம்மா.”

அவள் சிரித்துவிட்டாள். “அப்ப மருந்து குடுங்க.”

“அதுக்குத் தலைவர் சரின்னு சொல்லணும். நானும் அவரைப் பாக்கத்தான் காத்துக் கிடக்கேன்.”

இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள். பின்புறம் வெறும் மூங்கிலும் கயிறும்தான் தெரிந்தன.

அவள் குழந்தையை முன்பக்கம் தூக்கிப்போய் கட்அவுட்டின் காலடியில் கிடத்திக் கும்பிட்டாள். பக்தி என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. என்னவென்று தெரியாமலே மற்ற அமைச்சர்களும் எழுந்து தட்டினார்கள்.