மூலையில் நின்ற ஒன்பது

“குட்டைப் பென்சிலே, இன்றைக்குக் குப்பைக்கூடைக்குப் போகிறாயாமே?” என்றது கால்குலேட்டர். தமயந்தி தட்டிய x² + 6x + 5-ஐ அது நொடியில் (x + 3)² − 4 என்று மாற்றியிருந்தது.

“(x + 3)² வர ஒன்பதைக் கூட்டி, பிறகு ஐந்திலிருந்து அதே ஒன்பதைக் கழித்தாயே, ஏன்?” என்றது பென்சில்.

கால்குலேட்டர் மறுபடியும் அதே விடையைக் காட்டியது.

“விடையையா கேட்டேன்? காரணத்தைக் கேட்டேன்.”

பென்சில், பக்கம் x உள்ள ஒரு சதுரம் வரைந்தது. 6x-ஐ மூன்று அகலமுள்ள இரண்டு பட்டைகளாக்கி வலப்பக்கம் ஒன்று, கீழே ஒன்று ஒட்டியது. மூலையில் மூன்றுக்கு மூன்று இடம் காலியாக நின்றது.

“இதை அடைக்கத்தான் ஒன்பது. இல்லாததைக் கூட்டினோம், அதனால் கழிக்கிறோம்.”

“அட, இவ்வளவுதானா!” என்ற தமயந்தி, மழுங்கிய முனையைச் சீவினாள்.

இன்னும் குட்டையான பென்சில் நிமிர்ந்து நின்றது. “அடுத்த கணக்கைக் கொண்டா.”