ஞாயிற்றுக்கிழமை வெயில்

"மன்னாரில வெயில் இல்லையாம்! கேட்டியோ சந்தியோகு, மன்னாரில வெயில் காணாதாம்!"

றோசம்மா கதிரையை விட்டு எழுந்தே விட்டாள். சூரிய மின் ஆராய்ச்சிக் கந்தோரின் சின்ன அறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அது சுற்றுவதைப் பார்க்கவே அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

மேசைக்கு அப்பால் இருந்த இளம் அதிகாரி ஜெகதீபன் லேஞ்சியை எடுத்துக் கழுத்தைத் துடைத்தான்.

"பிறகென்னத்துக்குத் தம்பி உங்களுக்கு வேர்க்குது? நிலவு சுடுதோ?"

"நான் சொல்லேல்லை அம்மா, கருவி சொல்லுது" என்றான் அவன். "வெயிலில கரண்ட் எடுக்கிற ஆராய்ச்சிக்கு நாலு ஊரில கருவி வச்சவை. எந்த ஊரில கணக்குக் கூட வருதோ, அந்த ஊருக்குத்தான் வீட்டுக்கு வீடு லைற்றும் பொதுவில ஒரு ஐஸ் அறையும். உங்கட ஊர்க் கணக்கு எல்லாத்திலயும் குறைவு."

"அப்ப ஆருக்குப் போகுது?"

"மலைநாட்டில ஒரு ஊருக்கு."

"அந்தச் சனத்துக்கும் குடுங்கோ. அதுகளும் இருட்டில கிடந்த சனம்தான். ஆனா வெயில் இல்லை எண்டு எங்களைப் பார்த்துச் சொல்லாதேங்கோ! மண்டபம் முகாமில அகதியா இருக்கேக்கையே எங்களுக்கு ஒரு பல்ப் எரிஞ்சது. சொந்த ஊருக்குத் திரும்பி நாலு வருசம், இன்னும் குப்பி விளக்கு."

வெளிச்சம்கூடப் பிறகுதான். அவளுக்கு வேண்டியது ஐஸ். ஐஸ் இருந்தால் மீனுக்கு அவர்கள் விலை சொல்லலாம். இல்லாததால் வியாபாரி சொல்கிறான். வெயில் ஏறும்வரை வேண்டுமென்றே மணலில் குந்தியிருந்து, மீனின் கண் மங்கிய பிறகுதான் அவன் வாயைத் திறப்பான். அவன் கழித்துவிட்டுப் போவதைப் பெண்கள் கீறி, உப்பிட்டு, கருவாடாக்குவார்கள். அந்தப் பெண்களின் சங்கத்துக்கு றோசம்மாதான் தலைவி. துணைக்கு வந்த சந்தியோகு அவளுடைய தங்கையின் கணவன், வள்ளக்காரன்.

"அந்தக் கருவியை ஆர் பார்க்கிறது?" என்று கேட்டாள்.

"ஆரும் பார்க்கத் தேவையில்லை. அது தானாவே ஒவ்வொரு நாளும் கொழும்புக்குக் கணக்கு அனுப்பும்."

"அப்ப வச்சிட்டுப் போன பிறகு ஒருத்தரும் வந்து எட்டிப் பார்க்கேல்லை?"

"வாகனம் இல்லை அம்மா. நானும் போன மாசம்தான் இங்க மாற்றலாகி வந்தனான்."

"நான் ஒரு கருவியையும் கண்டதில்லை. எங்கயாவது பனைக்குக் கீழ நிழலுக்க வச்சிட்டுப் போயிருப்பினம்."

"இல்லையம்மா, கரையில வெட்டவெளியில வச்சது எண்டுதான் பதிவு. போர்டும் நட்டிருக்கு."

"எந்தப் பாஷையில?"

ஜெகதீபன் மேசையைப் பார்த்தான். "சிங்களத்திலயும் இங்கிலீசிலயும்."

"அதுதான் எங்கட வெயிலுக்கு விளங்கேல்லைப் போல, சேர்" என்றான் சந்தியோகு.

ஜெகதீபனுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "எனக்கும் ஒரு விசயம் பிடிபடேல்லை அம்மா. ஞாயிற்றுக்கிழமைகளில மட்டும் உங்கட ஊரில கணக்கு நல்லா ஏறுது. ஆவணியில மடு மாதா கோயில் திருவிழாக் கிழமை முழுக்க, மற்ற எல்லா ஊரையும் விடக் கூட. திங்கட்கிழமை விடிஞ்சா விழுந்திடும்."

"அப்ப வெயிலும் வேதக்காரனோ? பூசைக்கு மட்டும் வந்திட்டுப் போகுதோ?"

"கருவி பிழையில்லை, உங்கட ஊரிலதான் மேகம் எண்டு கொழும்பில முடிவு கட்டிட்டினம்."

"மேகம்!" றோசம்மாவின் குரல் உடைந்தது. "ஷெல்லடிக்குள்ள கும்பிட்டாலும் ஒரு மேகம் வராத ஊர் தம்பி அது. ஓடேக்க கால் சுட்டது, திரும்பி வந்து இறங்கேக்கையும் கால் சுட்டது. எங்களிட்ட மிஞ்சினது அந்த வெயில் ஒண்டுதான். அதையும் இல்லை எண்டு எழுதிப்போட்டியள்."

யன்னலுக்கு வெளியே முற்றத்து மணல் வெள்ளையாய் எரிந்துகொண்டிருந்தது. தாங்க முடியாமல் ஒரு காகம் கந்தோர் வாகைமர நிழலுக்குள் வந்து இறங்கி, அலகைத் திறந்தபடியே நின்றது.

றோசம்மா பனையோலை உமலுக்குள் கையை விட்டு ஒரு பெரிய கட்டாக் கருவாட்டை எடுத்தாள். அறிக்கைக்கு மேலேயே அதைப் போட்டாள்.

"இதுதான் என்ர சாட்சி. முந்தாநாள் கடலில நீந்தின மீன். தட்டிப் பாருங்கோ. வெயில் இல்லாமலோ இது காய்ஞ்சது?"

தட்டினான். பலகையைப் போலச் சத்தம் கேட்டது. திருப்பிப் பார்த்தான், விரலால் தடவினான். முதல்முறையாக அவன் முகம் மலர்ந்தது.

"ஒரு மணல் இல்லை! எங்கட வீட்டில கருவாடு கழுவினால் சட்டிக்கு அடியில அரைக் கடற்கரை கிடக்கும். எங்கயம்மா காயப்போடுறியள்?"

அவளுடைய கோபம் ஒரு படி இறங்கியது.

"நல்லதையும் சொல்லத்தானே வேணும். அரசாங்கம் எங்களுக்குச் செய்த ஒரே நல்ல காரியம் அது. கருவாட்டு மேடை வேணும் எண்டு சங்கத்தால கேட்டனாங்கள். மற்ற ஊருகளுக்குக் கம்பு நட்டு வலை கட்டிக் குடுத்தவை. எங்களுக்கு லொறியில கொண்டுவந்து இறக்கி, கரையில வரிசையாச் சரிச்சு, கறுப்புக் கண்ணாடியில கட்டித் தந்திட்டுப் போனவை. பக்கத்தில ஒரு பெட்டியும் வயரும், அது என்னத்துக்கோ தெரியாது. மீனைப் போட்டால் அடுப்பில வச்ச மாதிரிக் காயும் தம்பி."

கருவாட்டின் மேல் ஜெகதீபனின் விரல் அப்படியே நின்றது.

"ஒரு சாண் வெறுமையா விடமாட்டம், சேர்" என்றான் சந்தியோகு பெருமையாக. "கடலுக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமையும், ஊரே மடுவுக்குப் போற கிழமையும்தான் அந்தக் கண்ணாடி சும்மா கிடக்கும்."