செம்போத்து கூவவில்லை

பல்கலைக்கழகத்துக்குப் பின்னால் இருந்த புதர்க்காட்டில் செம்போத்தின் குரலைப் பதிவுசெய்ய வந்திருந்தாள் ஆய்வு மாணவி மரியபுஷ்பம். பறவை கூவும்போதெல்லாம் காவலாளி வேலாண்டியின் பேச்சும் சேர்ந்தே பதிவானது. "சாப்டாச்சாம்மா? இந்த வெயில்ல எதுக்கும்மா இப்படிக் காயிறீங்க?" ஒரு பதிவும் தேறவில்லை. ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டிய நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. பொறுமை இழந்தவள் ஒருநாள், "கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இருங்கண்ணே!" என்று கத்திவிட்டாள்.

வேலாண்டியின் முகம் சுண்டிப்போனது. அதற்குப் பிறகு அவர் வாயே திறக்கவில்லை. செம்போத்தும் கூவவில்லை. மைக்கைப் பிடித்துப் பிடித்துக் கை மரத்துப்போனதுதான் மிச்சம். எரிச்சலோடு அறைக்குத் திரும்பி, பழைய பதிவுகளை எல்லாம் முதலிலிருந்து கேட்டாள். ஒவ்வொன்றிலும் வேலாண்டி பேச ஆரம்பித்த பிறகுதான் பறவை கூவியிருந்தது.

மறுநாள் காலையில் அவர் முன்னால் போய் நின்றாள்.

"மன்னிச்சிடுங்கண்ணே. உங்க பேச்சைக் கேட்டாத்தான் அது கூவுது. ஏதாவது பேசுங்க."

வேலாண்டி அவளையும் மைக்கையும் மாறி மாறிப் பார்த்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

கிளையிலிருந்த செம்போத்து கழுத்தைச் சாய்த்தது.

"என்னத்தையாவது பேசுங்களேன்!" என்றாள் மரியபுஷ்பம், அழாத குறையாக.

அவருக்கு ஒரு வார்த்தைகூட வரவில்லை.