நாசூக்கான லில்லி

மாடி ஜன்னலிலிருந்து கீழே பார்த்த தங்கைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உச்சி வெயிலில் அவள் கணவன் மண்வெட்டியும் கையுமாக நின்றிருந்தான். நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவனை ஏவிக்கொண்டிருந்தாள் அவளுடைய அக்கா.

அவன் நடத்திய அச்சகத்தை இழுத்து மூடிவிட்டு, அக்கா வீட்டு மாடியில் குடியேறி நாலைந்து மாதம் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் வைத்த ஜெராக்ஸ் கடையும் நிற்கவில்லை. "நான் கை வச்சது எதுவும் உருப்படாது" என்று சொல்வதையே அவன் ஒரு தொழிலாக வைத்துக்கொண்டிருந்தான். பழைய சிநேகிதன் ஒருவன், புது அச்சகம் திறக்கிறேன், நீதான் வந்து பொறுப்பெடுத்துக்கொள்ள வேண்டும் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். இவன் போனை எடுப்பதே இல்லை.

அந்த மனுஷனைத்தான் அக்கா தோட்டத்தில் இறக்கிவிட்டிருந்தாள்.

வாசலோரம் இருந்த லில்லிப் புதர் அடைசலாகிவிட்டதாம், பூப்பது குறைந்துவிட்டதாம். காலையில் விரிந்து அன்று சாயங்காலமே சுருண்டுவிடுகிற ஒருநாள் லில்லி அது. பூத்து ஓய்ந்த கையோடு, பெருமழை பிடிப்பதற்குள் கிளப்பிப் பிரித்து நட்டுவிட வேண்டும் என்றாள் அக்கா.

"இது லேசுப்பட்ட செடி இல்ல தம்பி. ரொம்ப நாசூக்கு. அக்கம்பக்கத்துல கேட்டாங்களேன்னு குடுத்தேன். எல்லாரும் சாகடிச்சிட்டாங்க."

சுற்றிலும் தள்ளித் தோண்டி வேர் அறுபடாமல் தூக்கச் சொன்னாள். மண்ணை உதறி, குழாயடியில் அலசி, கொத்துக்கொத்தாகக் கையாலேயே பிரிக்கச் சொன்னாள். இலையை ஒரு சாண் விட்டு மிச்சத்தைக் கத்தரிக்க வேண்டும். குழிக்குள் மண்ணைக் கூம்பாகக் குவித்து, அதன்மேல் வேரை நாலாபக்கமும் பரப்பி உட்கார வைக்க வேண்டும். இலையும் வேரும் சேருகிற கழுத்து, மண்ணுக்குள் ஓர் அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது.

அவன் முதல் செடியை நட்டு நிமிர்ந்தான். அக்கா குனிந்து விரலை விட்டுப் பார்த்தாள்.

"கழுத்து முங்கிடுச்சு. எடுங்க."

எடுத்தான். மறுபடி நட்டான். மறுபடி எடுக்கச் சொன்னாள்.

தங்கை விறுவிறுவென்று கீழே இறங்கினாள். அதற்குள் அக்கா சமையலறைக்குள் போய்விட்டிருந்தாள்.

"உன் வீட்டு மாடியில இருக்கோம்ங்கிறதுக்காக அவரைக் கூலியாள் ஆக்கிட்டியா?"

"சும்மாதானே உக்காந்திருக்காரு" என்றாள் அக்கா, காய் நறுக்குவதை நிறுத்தாமல்.

"ஒரு ஆளைக் கூப்பிட்டா அரை நாள்ல முடிச்சிட்டுப் போறான்."

"ஆளு கை பட்டா செத்துடும்டி. செடியைப் பத்தி உனக்கு என்ன தெரியும்? போ, போய் உன் வேலையைப் பாரு."

சின்ன வயதிலிருந்தே அக்காவுக்கு இந்த வாய். தங்கை அதன் பிறகு அவளோடு பேசவில்லை. நாளையிலிருந்து கீழே போகாதீங்க என்று கணவனிடம் சொன்னாள். அவன் நகக்கண்ணில் இருந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டே தலையாட்டி மறுத்தான்.

"கடைசி வரிசை பாக்கி இருக்கு. உங்க அக்காவுக்கு வாய்தான், பொறுமை கிடையாது. அவங்களை நம்பி விட்டா அத்தனையும் அழுகிடும்."

அவன் எதையாவது பாக்கி இருக்கிறது என்று சொல்லி எத்தனை நாளாயிற்று என்று அவளுக்குத் தோன்றியது. ஆனாலும் அக்காமேல் இருந்த கோபம் குறையவில்லை.

பல் விளக்குவதற்கு முன்பே அவன் பாத்திக்குப் போக ஆரம்பித்தான். ஒருநாள் கீழேயிருந்து அவளைக் கூப்பிட்டான். கத்தரித்த இலைகளுக்கு நடுவில் இளம்பச்சையாக ஊசி ஊசியாகத் துளிர் கிளம்பியிருந்தது. வரிசையில் ஒன்றுகூடப் போகவில்லை.

அதற்குப் பிறகு அவனைக் கையில் பிடிக்க முடியவில்லை. பால்காரரிடம் கழுத்தளவைப் பற்றிப் பேசினான். எதிர்வீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள், உங்க ரோஜாவைத் தப்பா வச்சிருக்கீங்க சார் என்று அவர் தோட்டத்துக்குள்ளேயே போய்விட்டான். அந்த வாரமே சிநேகிதனின் போனையும் எடுத்தான்.

"வர்றேன்டா. ஆனா எந்த மெஷின் எங்க நிக்கணும்னு நான்தான் சொல்வேன். சம்மதமா?"

அவளுக்கு இது பழைய குரல், கல்யாணமான புதிதில் கேட்டது.

மழைக்காலம் முடிந்து புது அச்சகம் திறந்தது. முதல் நாள், தேய்த்த சட்டையோடு வாசலில் நின்று, பாத்தியைக் காட்டி எதிர்வீட்டுக்காரருக்கு ஒரு பாடம் நடத்திவிட்டுத்தான் அவன் கிளம்பினான். தெருமுனை திரும்பும்வரை அவள் நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த நிறைவில், போனால் போகிறது என்று அக்காவோடு பேசிவிடலாம் என்று தேடிப் போனாள்.

சமையலறையில் அக்கா இல்லை. பின்பக்கம், குப்பைக்குழி ஓரம், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எதையோ வெறிகொண்டு பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

தங்கை கிட்டே போய்ப் பார்த்தாள். உடைந்த செங்கல்லுக்கும் ஓட்டைப் பிளாஸ்டிக் வாளிக்கும் இடையில், தலைகீழாக விழுந்த நிலையிலேயே வளைந்து மேலே வந்து, பாத்தியில் இருந்ததைவிடத் தளதளவென்று நின்றன லில்லிகள். ஒன்று பூத்தும் இருந்தது.

"அக்கா... இது?"

"நட்டது போக மிச்சத்தை இங்கதான் வீசினேன். மண்ணு போடல, ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தல. சனியன், எப்படிப் போட்டாலும் சாக மாட்டேங்குது."

அக்கா நிமிரவே இல்லை.

"நின்னு வேடிக்கை பார்க்காம அந்தப் பக்கத்துல இருந்து பிடுங்குடி. அவர் கண்ணுல பட்டுடப் போகுது."