காட்டேரி கடித்தவனுக்கு ஒப்பாரி

"பொணத்த எங்கன போட்டிருக்காக?"

தேனியில் ஒரு மாடியில் இருந்த ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழைந்ததும் சோணையம்மாள் கேட்ட முதல் கேள்வி இதுதான். மயிலாடும்பாறைப் பக்கம் எந்தச் சாவு வீடானாலும் ஒப்பாரிக்கு அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

"பொணம் இல்லம்மா, வீடியோ கேம்" என்றாள் ஓவியா. சென்னையில் கேம் தயாரிக்கும் கம்பெனியில் வேலை. ஊருக்கே காரில் போய் அவளை அழைத்து வந்திருந்தாள். "ரத்தக்காட்டேரி ஊருக்குள்ள புகுந்து ஆளுங்களைக் கடிக்கும். செத்தவனுக்காக அவன் அம்மா அழணும். அடுத்த வருஷம் வெளிவருது."

"நல்ல கூத்து. காட்டேரி கடிச்சவனுக்கு மாரடிக்கக் காரு வச்சுக் கூட்டியாந்திருக்க." சோணையம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அது கெடக்கட்டும். நெத்தியில ஒரு பொட்டக் காணோமே ஆத்தா?"

"அவசரத்துல மறந்துட்டேன்மா."

ஓவியா கணினியை அவள் பக்கம் திருப்பினாள். திரையில் புளியமரத்தடியில் ஓர் இளைஞன் கிடந்தான். கழுத்தில் இரண்டு பல் பதிந்த தடம். உடம்பில் சொட்டு ரத்தம் இல்லாமல் வெளுத்துப் போயிருந்தான்.

சோணையம்மாளின் கேலியெல்லாம் போய்விட்டது. "ஏத்தா, இது எம்மகன் ஈஸ்வரபாண்டில்ல?"

"ஆமாம்மா. அவரு எங்க ஆபீஸ்தான். கூட வேலை பாக்குறவங்க முகத்தையே படம் எடுத்து கேம்ல வைப்போம்."

"நல்லாருக்கானா? என்னையப் பத்திப் பேசுவானா?"

"உங்களைப் பத்தியேதான் பேசுவாரு."

"ரெண்டு வருசமாச்சு. சொல்லாமக் கொள்ளாம எவளையோ கல்யாணம் முடிச்சுக்கிட்டான். நீ செத்தாலும் எனக்குச் சொல்லிவிடாதலேன்னு போனை வச்சவதான். கோவத்துல வாயில வந்துருச்சு." முந்தானையால் திரையில் இருந்த தூசியைத் துடைத்தாள். மகன் முகத்துக்கு நேரே மட்டும் மெதுவாகத் துடைத்தாள். "உசுரோட இருக்கறவனுக்கு ஒப்பாரி வைக்கக் கூடாது. வேற மூஞ்சியக் காட்டு."

"இவருக்குத்தாம்மா வேணும். உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன்."

ஒரு விளையாட்டுக்காக இந்தப் பெண் இப்படிக் கெஞ்சுகிறதே என்று சோணையம்மாளுக்குப் பாவமாகிவிட்டது. "சரி, அழுகுறேன். ஆனா பேரு சொல்ல மாட்டேன். பேரச் சொல்லி அழுதா அவனுக்கு ஆகாது."

மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"மகனே, எஞ்சாமி..." என்று இழுத்தாள். எத்தனையோ சாவு வீடுகளை அழவைத்த குரல் அன்று வறண்டு போய் வந்தது. மறுபடி இழுத்துப் பார்த்தாள். மூன்றாம் தடவை பாதியில் நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

"அழுகை வரலையே ஆத்தா. எம்புள்ள நல்லாருக்கான்ல, அதான் வரமாட்டேங்குது."

ஓவியா எழுந்துபோய் மைக்கை அணைத்தாள். திரும்பி வந்து தரையில் உட்கார்ந்து, சோணையம்மாளின் முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

"பேரச் சொல்லியே அழுங்க, அத்தை."