வாசல் மரத்துப் பேனர்

ஜாக்குலின் ஏணியில் ஏறினாள். கீழே பிடித்துக்கொண்டு நின்றது நான்.

திலக் நகர் நாலாச் சாக்கடையை ஒட்டி நாங்கள் வளர்த்த காட்டின் வாசலில், புங்க மரத்தின் மேல் ராத்திரியோடு ராத்திரியாக ஒரு பேனரை அடித்திருந்தார்கள். கயிறு கட்டினால் ஆகாதா? பட்டை பிளக்க ஆணிதான் இறக்க வேண்டுமா?

கண்ணீர் அஞ்சலி பேனர். ஓரத்தில் ஜோசப்ராஜ், சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு. நடுவில் கை கூப்பியபடி ஏரியாத் தலைவர், கதவு உயரத்துக்கு.

இந்தக் காட்டை வெட்டிப் பார்க்கிங் போட அலைகிறவர் அந்தத் தலைவர். தன் உயிர் இருந்தவரை அவரை உள்ளே விடாதவர் ஜோசப்ராஜ். ஞாயிறுதோறும் எங்களைச் சேர்த்துக்கொண்டு குப்பை பொறுக்கியவர், மரம் மரமாகப் போய் ஆணி உருவியவர். இப்போது அவர் படத்தையே காட்டிக் காட்டுக்குள் நுழையப் பார்க்கிறார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

எரிந்து என்ன? செத்தவர் படம். எங்களில் ஒருவருக்கும் அதில் கை வைக்கத் துணிச்சல் இல்லை.

ஜாக்குலின் வருவாள் என்றே நாங்கள் நினைக்கவில்லை. வந்தாள். பேனரை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தாள். ஆணி பிடுங்கும் குறட்டை எடுத்தாள்.

முதல் ஆணி கிறீச்சென்று வந்தது. அதற்குள் பைக்கைப் போட்டுவிட்டு செல்லப்பாண்டி ஓடி வந்தான். தலைவரிடம் புதிதாகச் சேர்ந்த தாராவி ஆள், எங்கள் யாரையும் தெரியாது.

இறங்கு என்று கத்தினான். ஏணியைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினான். நான் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். தள்ளுவதென்றால் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்தே தள்ளட்டும்.

மேலே குறடு நிற்கவில்லை.

மிரட்டல் செல்லாது என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"எக்கா, செத்த மனுசன் படத்தப் போயி இப்படிப் பிச்சு எறியுதியளே. நாளைக்கு அவரு வீட்ல வந்து கேட்டா என்ன பதில் சொல்லுவிய?"

கடைசி ஆணியும் வந்தது. பேனர் சரிந்து, தலைவர் மண்ணில் குப்புற விழுந்தார். ஜாக்குலின் நிதானமாக இறங்கி அவன் முன்னால் வந்து நின்றாள்.

"அவரு வீட்ல நாந்தான் தம்பி இருக்கேன். இதை அடிக்கும்போது எங்கிட்ட யாரு வந்து கேட்டா?"